தட்டுவடை செட்டும் ஸ்ட்ராட்டஜியும்

"அப்ப நீ என்ன வேலைதான் சாமி பாக்கற?"

சேலம் செவ்வாய்ப்பேட்டை தட்டுவடைக் கடை அக்கா கேட்டதும், என் தம்பியின் வாய்க்குப் போன செட் பாதியில் நின்றது.

"கம்பெனில ஸ்ட்ராட்டஜி ஹெட்ங்க்கா."

அக்கா பீட்ரூட் துருவலை அள்ளித் தட்டையின் மேல் வைத்து, இன்னொரு தட்டையால் மூடி, கட்டைவிரலால் மெல்ல அமுக்கினார். உடையவில்லை.

"அப்படின்னா?"

"அஞ்சு வருசம் கழிச்சு எதை விக்கணும், எதை விடணும்னு யோசிக்கறதுங்க."

இன்ஜினியரிங், எம்பிஏ, கன்சல்டிங், அப்புறம் இந்த நாற்காலி. தம்பி கதையை வீட்டில் இப்படித்தான் நேர்க்கோடாகச் சொல்வோம். நடுவில் பெயிண்ட் டீலர்களிடம் பாக்கி வசூலிக்க அலைந்த இரண்டு வருடத்தைச் சொல்வதில்லை.

இந்திரா நூயி கதையும் இப்படித்தான். 1994இல் பெப்சி குளிர்பானக் கம்பெனியான பெப்சிகோவில் அவர் சேர்ந்ததே ஸ்ட்ராட்டஜிக்குத்தான். 2006இல் தலைமைக்கு வந்தார். அதற்கு முன் பாஸ்டன் கன்சல்டிங், மோட்டரோலா, ஏபிபி என்று பெரிய கம்பெனிகள். இதெல்லாம் எல்லோரும் சொல்வார்கள். ஆரம்பத்தில் மேட்டூர் பியர்ட்செல் என்ற ஜவுளி கம்பெனியில் வேலை பார்த்ததை யாரும் பேசுவதில்லை. (நம்ம மேட்டூர் பெயர் என்பதால் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம்.)

மீட்டிங்கில் எதுடா கைகொடுக்குது என்று தம்பியிடம் கேட்டேன்.

"பாக்கி கேட்டுப் போனதுதான். டீலர் பொய் சொல்றப்ப மூஞ்சி எப்படிப் போகும்னு தெரியும். ஸ்லைடுல பொய் இருந்தாலும் அதே மூஞ்சிதான்."

அக்கா காசை எண்ணிக்கொண்டே சொன்னார்: "நானும் போன வருசம் முட்டை நொறுக்கல் விக்கறதை விட்டுட்டேன். ரெண்டு நாள் யோசிச்சேன். இதுக்கெல்லாமா சம்பளம் தர்றாங்க?"