ஆம்னி கியர் பாக்ஸில் ஆயில் ஒழுகினால்: சீல் வாங்குவதற்கு முன்னால்

சென்னையில் ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கம் இன்னும் மாருதி ஆம்னி வேன்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. மாருதி அதன் தயாரிப்பை 2019-இல் நிறுத்திவிட்டதால், ரோட்டில் இருப்பதெல்லாம் வயதான வண்டிதான். காலையில் வண்டியை நகர்த்தினால் தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஆயில் கறை. "டெயில் சீல் போயிருக்கு" என்று மெக்கானிக்குகள் சொல்லி, கியர் பாக்ஸின் பின் முனையில் ஆயிலைத் தடுக்கும் அந்த ரப்பர் உதட்டு வளையத்தை மாற்றுவார்கள். மூன்று மாதம் கழித்து அதே இடத்தில் அதே கறை. மட்டமான சீல் என்று பழி அதன் தலையில் விழும். இப்படித் திரும்பத் திரும்ப ஒழுகும் வண்டிகளில் சீல் மேல் தப்பிருப்பது அபூர்வம். சீலைக் கெடுத்த காரணம் உள்ளேயே இருக்க, புது சீலையும் அது தின்றுவிடுகிறது.

முதலில் ஒழுகுவது என்ன என்று தெரிய வேண்டும். இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்து முகர்ந்து பாருங்கள். கியர் ஆயில் கெட்டியாக இருக்கும், கந்தக நாற்றம் மூக்கில் ஏறும். ஒருமுறை முகர்ந்தால் மறக்காது. இன்ஜின் ஆயில் கறுப்பு, அந்த நாற்றம் கிடையாது. பிரேக் ஆயில் தண்ணீராக இருக்கும், பெயிண்டில் பட்டால் பெயிண்ட் உரியும்.

அடுத்தது எங்கிருந்து என்ற கேள்வி. வண்டி ஓடும்போது காற்று ஆயிலைப் பின்னால் அடித்துக்கொண்டே போகும். முன்னால் ஒரு சொட்டு கசிந்தால் பின்னால் இரண்டடிக்கு நனைந்திருக்கும். அதனால் அதிகமாக நனைந்த இடத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. கியர் பாக்ஸ் முழுவதையும் டீசலும் பிரஷ்ஷும் வைத்துத் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். காய்ந்ததும் சாதாரண முகப் பவுடரைத் தூவிவிட்டு ஐந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்துப் பாருங்கள். பவுடர் நனைந்த இடங்களில் எது மேலே, எது முன்னே இருக்கிறதோ அதுதான் ஊற்றுக்கண்.

பார்க்க வேண்டிய இடங்கள்: ஸ்பீடோமீட்டர் கேபிள் நுழையும் இடத்திலுள்ள ஓ-ரிங், ரிவர்ஸ் லைட் சுவிட்ச், கியர் ராடு உள்ளே போகும் சீல், ஆயில் ஊற்றும் பிளக், டிரெயின் பிளக், கேஸ் இணையும் ஜாயிண்ட், கடைசியில் டெயில் சீல். முதல் இரண்டும் சில நிமிட வேலை. ஓ-ரிங் போயிருக்கும் வண்டிக்கு டெயில் சீல் மாற்றிக்கொண்டிருந்தால் ஒழுகல் எப்படி நிற்கும்?

இன்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் பெல் ஹவுசிங்கின் அடியிலிருந்து சொட்டினால் கதை வேறு. அது கியர் பாக்ஸின் முன் சீலாகவும் இருக்கலாம், கிராங்க் ஷாஃப்ட்டின் பின் சீலாகவும் இருக்கலாம். இங்கேதான் அந்தக் கந்தக வாசனை உதவும். எதுவாக இருந்தாலும் கியர் பாக்ஸை இறக்கியாக வேண்டும். இறக்கிய பிறகு ஒரு சீலை மட்டும் மாற்றி மேலே ஏற்றுவது வீண். இரண்டு சீல், கிளட்சின் ரிலீஸ் பேரிங் எல்லாவற்றையும் அப்போதே மாற்றுங்கள். கிளட்ச் பிளேட்டில் ஆயில் ஊறியிருந்தால் பெட்ரோலில் கழுவிப் போடும் வேலை வேண்டாம். சூடானதும் உள்ளே ஊறிய ஆயில் வெளியே வரும், கிளட்ச் மறுபடி வழுக்கும்.

இனி ஒழுகலுக்குக் காரணமான பிரீதர். கியர் பாக்ஸின் மேலே காற்று போய்வர ஒரு சின்ன வழி உண்டு. பின் ஆக்சில் குழாயின் மேலும் ஒன்று உண்டு. கட்டைவிரல் நகத்தளவு மூடி, அவ்வளவுதான். எண்ணூர் நெடுஞ்சாலைத் தூசியும் ஆயில் பிசுக்கும் சேர்ந்து அதன் மேல் தார் மாதிரி இறுகிவிடும். ஓடும்போது உள்ளே சூடாகி விரியும் காற்றுக்கு வெளியேற வழியில்லை. அது சீலின் உதட்டைத் தள்ளிக்கொண்டு ஆயிலோடு வரும். புது சீல் போட்டாலும் அதே அழுத்தம்தான். மூடியைக் கையால் சுற்றிப் பாருங்கள், சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் டீசலில் ஊறவைத்து, மெல்லிய கம்பியால் குத்தி, ஊதிச் சரிசெய்யுங்கள். காசு செலவில்லாத இந்த வேலையை முடித்துவிட்டே சீலைத் தொடுங்கள்.

மழைக்காலத்தில் இதே வழியில் தண்ணீர் உள்ளே போகும். கணேசபுரம் சுரங்கப்பாதை மாதிரி இடத்தில் தேங்கிய தண்ணீரில் சூடான வண்டி இறங்கினால், ஹவுசிங் சட்டென்று குளிர்ந்து உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். சுருங்கியதும் பிரீதர் வழியாகவோ தேய்ந்த சீல் வழியாகவோ வெளியே இருக்கும் தண்ணீரை இழுக்கும். அப்புறம் ஆயில், பால் ஊற்றிய டீ நிறத்தில் இருக்கும். அந்த ஆயிலோடு ஓட்டினால் பேரிங் துருப்பிடிக்கும். ஆயிலைச் சூட்டோடு இறக்கி, அதே வகையில் விலை குறைந்த ஆயிலை ஊற்றி, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி இறக்கிவிட்டு நல்ல ஆயில் ஊற்றுங்கள். மண்ணெண்ணெய் விட்டுக் கழுவ வேண்டாம். உள்ளே தங்கும் மிச்சம் புது ஆயிலை நீர்த்துப்போகச் செய்யும். காசிமேட்டில் மீன் ஏற்றும் வண்டிகளுக்கு உப்புத் தண்ணீரும் சேர்ந்துகொள்வதால், மழை முடிந்ததும் ஒருமுறை பிளக்கைத் திறந்து நிறம் பார்த்துவிடுவது நல்லது.

டெயில் சீல்தான் என்று உறுதியானால் வேலை இப்படி. சமதரையில் நிறுத்தி முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை வையுங்கள். இதில் அலட்சியம் கூடாது. ஆம்னியில் ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின் சக்கரத்தை. பின்பக்கத்தைத் தூக்கிவிட்டு, கியர் பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் நீளத் தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்ட்டையும் கழற்றினால் ஹேண்ட் பிரேக்கும் உதவாது, கியரில் போட்டிருப்பதும் உதவாது. ஆக்சில் குழாய்க்கு அடியில் ஸ்டாண்ட் கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். பின்பக்கம் தூக்கியிருந்தால் ஆயில் முன்னால் போய்விடும். ஷாஃப்ட்டை உருவும்போது கொஞ்சம்தான் கொட்டும்.

பின் ஃபிளாஞ்சில் (போல்ட் போட்டு இணைக்கும் தட்டு) ஷாஃப்ட்டும் பின் ஆக்சில் ஹவுசிங்கும் சேரும் இடத்தில் உளியால் ஒரு கோடு போடுங்கள். மாற்றிப் பூட்டினால் பேலன்ஸ் போய் வண்டி அதிரும். நான்கு போல்ட்டையும் கழற்றி ஷாஃப்ட்டைப் பின்னால் உருவுங்கள். ஷாஃப்ட் முனையிலுள்ள கிராஸை (சிலுவை வடிவ இணைப்பு) ஆட்டிப் பாருங்கள். லூஸாக இருந்தால் அந்த அதிர்வும் சீலைக் கெடுக்கும்.

உருவிய ஷாஃப்ட்டின் முனையில் பளபளவென்று இருக்கும் யோக்கைத் துணியால் துடைத்து, சீல் உட்காரும் இடத்தில் விரல் நகத்தைக் குறுக்கே இழுங்கள். வழுவழுவென்று போனால் சரி. நகம் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தால், பழைய சீலின் உதடு அங்கே இரும்பையே அரித்திருக்கிறது. பள்ளம் லேசாக இருந்தால் புது சீலை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளி உட்காரவைத்து, உதடு புது இடத்தில் படும்படி செய்யலாம். ஆழமாக இருந்தால் லேத்தில் கொடுத்து ஸ்லீவ் (மெல்லிய உறை) போட வேண்டும், அல்லது யோக்கை மாற்ற வேண்டும். பழைய பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் யோக் வாங்கினாலும் இந்த நகச் சோதனையைக் கடையிலேயே செய்துவிடுங்கள்.

யோக்கை மறுபடி உள்ளே விட்டு மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிகிற ஆட்டம் இருந்தால், யோக்கை உள்ளே தாங்கும் டெயில் புஷ் தேய்ந்துவிட்டது. புஷ் தேய்ந்த கியர் பாக்ஸில் எந்தக் கம்பெனி சீலும் நிற்காது. புஷ்ஷையும் சேர்த்து மாற்றுங்கள்.

பழைய சீலை நெம்பும்போது ஸ்குரூ டிரைவர் கியர் பாக்ஸின் அலுமினிய ஹவுசிங்கில் கீறல் போட்டுவிடக் கூடாது. கீறல் வழியாகவே ஒழுகும். சீல் முகத்தில் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றும் மில்லிமீட்டரில் அச்சடித்திருக்கும். அதைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். சுருள் ஸ்பிரிங் தெரியும் பக்கம் ஆயில் பக்கம் பார்த்திருக்க வேண்டும். உதட்டில் கிரீஸ் தடவி, பழைய சீலையே மேலே வைத்து நான்கு பக்கமும் சமமாகத் தட்டி இறக்குங்கள். உலர்ந்த உதட்டோடு போட்டால் ஓட ஆரம்பித்ததுமே கருகிவிடும். வெளியே எம்-சீல் அப்புவது, பிளக்கில் டெஃப்லான் டேப் சுற்றுவது இரண்டும் வேண்டாம். கேஸ் ஜாயிண்ட் கசிந்தால் பிரித்து, சுரண்டி, துடைத்து, புது சிலிகான் பேஸ்ட் போடுவது ஒன்றுதான் வழி.

ஆயில் மாற்றுவதாக இருந்தால் ஊற்றும் பிளக்கை முதலில் கழற்றுங்கள். டிரெயினை முதலில் திறந்து ஆயிலையெல்லாம் இறக்கிவிட்டு, மேல் பிளக் துருவில் இறுகிக் கழலவில்லை என்றால் வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான். இறக்கிய ஆயிலில் சாம்பல் நிறப் பசை கொஞ்சம் இருப்பது சாதாரணம். தங்கத் துகள் மாதிரி மினுங்கினால், கியர் மாற உதவும் சிங்க்ரோ வளையம் தேய்கிறது. கையில் தட்டுப்படும் இரும்புச் சில்லு இருந்தால் கியர் பாக்ஸைப் பிரித்தே பார்க்க வேண்டும்.

கியர் பாக்ஸுக்கு 75டபிள்யூ-90 (ஆயிலின் கெட்டி அளவு) ஜிஎல்-4 (ஆயிலின் தர வகை). பின் ஆக்சிலின் ஹவுசிங்குக்கு ஜிஎல்-5. இரண்டுக்கும் ஒரே டப்பா போதும் என்று ஜிஎல்-5 ஊற்றுவது இங்கே வழக்கமாகிவிட்டது. ஹவுசிங்கில் இருப்பது பல்லோடு பல் வழுக்கிச் சேரும் ஹைபாய்ட் கியர், ஜிஎல்-5-இன் வழுக்கல் அதற்குத் தேவை. கியர் பாக்ஸிலோ பித்தளைச் சிங்க்ரோ வளையம் உராய்ந்து பிடித்தால்தான் கியர் சுளுவாக விழும். ஒரு லிட்டர் டப்பா இரண்டு வாங்கினால் மீதியே இருக்கும். வண்டியை நான்கு சக்கரத்திலும் சமமாக நிறுத்தி, கைப்பம்பால் ஊற்றி, துளையின் கீழ் விளிம்பில் வழிய ஆரம்பித்ததும் மூடுங்கள். பின்பக்கம் தூக்கியபடி ஊற்றினால் அளவு தப்பிவிடும். கேஸ் அலுமினியம், பிளக்கை வெறித்தனமாக முறுக்காதீர்கள்.

பழைய ஆயிலை டப்பாவில் பிடித்து, கழிவு ஆயில் எடுப்பவர்களிடம் கொடுங்கள். தயவுசெய்து கால்வாயில் ஊற்றாதீர்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் கொசஸ்தலையாற்றில் எண்ணெய் பரவியபோது எண்ணூர் மீனவர்களின் படகும் வலையும் என்ன ஆனது என்பதைப் பார்த்தவர்கள் நாம்.

எல்லாம் பூட்டிய பிறகு மறுபடி பவுடர் தூவி ஐம்பது கிலோமீட்டர் ஓட்டுங்கள். டெயில் பக்கம் உலர்ந்திருந்து, கறை இன்னும் பின்னால் விழுந்தால் அடுத்துப் பார்க்க வேண்டியது பின் ஆக்சில் ஹவுசிங்கில் ஷாஃப்ட் சேரும் இடத்திலுள்ள பினியன் சீல். பின் சக்கரத்தின் உள்பக்கம் நனைந்திருந்தால் ஆக்சில் சீல். அந்த ஆயில் பிரேக் ஷூவில் இறங்கும் என்பதால் அதற்கு அடுத்த வாரம் என்று தள்ளிப்போடக் கூடாது.