சிற்றூருக்குக் குடிபோகிறீர்களா? முதலில் பள்ளி, பிறகுதான் வீடு

பெருநகரத்தில் வீட்டைப் பிடித்துவிட்டுப் பள்ளி தேடலாம். ஒன்று சரிப்படவில்லை என்றால் இன்னொன்று பக்கத்திலேயே இருக்கும். சிற்றூரில் இருப்பதே இரண்டோ மூன்றோ. அதனால் பள்ளியில் இடம் உறுதியான பிறகே நாங்கள் வீடு பார்க்கக் கிளம்பினோம்.

தேர்ச்சி விகிதத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். 10 பேர் எழுதி ஒருவர் தவறினாலே 90 சதவீதம்தான். அதை வைத்து எதையும் எடைபோட முடியாது. கேட்க வேண்டியவை வேறு. கணக்குக்கும் அறிவியலுக்கும் நிரந்தர ஆசிரியர் உண்டா? காலிப் பணியிடம் எத்தனை மாதமாகக் கிடக்கிறது? கடைசி வகுப்பு எது, அதை முடித்த பிள்ளைகள் எங்கே போகிறார்கள்? கடந்த 5 ஆண்டுச் சேர்க்கை எண்ணிக்கையையும் கேட்டு வாங்குங்கள். அது சரிந்துகொண்டே வந்தால், நாளைக்கு அந்தப் பள்ளியையே வேறொன்றோடு இணைத்துவிடலாம். அலுவலகத்தில் மழுப்பினால், பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நிற்கும் பெற்றோரிடம் பேச்சுக் கொடுங்கள். இரண்டு மூன்று வகுப்புகளை ஒரே ஆசிரியர் சேர்த்து நடத்துகிறார் என்றதும் முகம் சுளிக்கத் தேவையில்லை. நல்ல ஆசிரியராக இருந்தால், மூத்த பிள்ளைகளுக்கு நடத்துவதைக் காதில் வாங்கியே இளையவர்கள் நிறையக் கற்றுக்கொள்வார்கள். ஒரு மணி நேரம் வகுப்பில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள்.

பலரும் சறுக்குவது பள்ளி வண்டி விஷயத்தில். 8 கிலோமீட்டர்தானே, கால் மணி நேரம் என்று மனக்கணக்குப் போடுவோம். 12 நிறுத்தம், ஒவ்வொன்றிலும் 2 நிமிடம் என்றால் நிற்பதற்கே 24 நிமிடம். ஊர் ஊராகச் சுற்றுவது தனி. காலையில் முதலில் ஏறும் பிள்ளை மாலையில் முதலில் இறங்குமா, கடைசியிலா? வண்டி போன தடத்திலேயே திரும்பினால் கடைசிதான். இரண்டு வேளையும் பிள்ளைக்கு முழுச் சுற்று. மாலை விளையாட்டுப் பயிற்சிக்கு நின்றால் வண்டி காத்திருக்காது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஆக, வண்டித் தடத்தில் பள்ளிக்குக் கிட்டத்தில் இருக்கும் நிறுத்தங்களைச் சுற்றித்தான் வீடு தேட வேண்டும். விடுமுறை நாளில் போய்ப் பார்த்தால் எல்லாத் தெருவும் அமைதியாகத்தான் இருக்கும். வேலை நாளில் காலை ஒரு முறை, இருட்டிய பிறகு ஒரு முறை, பலத்த மழைக்கு மறுநாள் ஒரு முறை போங்கள். கைபேசி சிக்னலை உள்ளறையில் நின்று, கதவைச் சாத்திக்கொண்டு பாருங்கள். வறண்ட மாதங்களில் தண்ணீர் எப்படி என்பதை வீட்டுக்காரரை விட அடுத்த வீட்டார் சரியாகச் சொல்வார்கள். என்ன பிடித்துப்போனாலும் முதல் ஆண்டு வாடகைக்கே இருங்கள்.

ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. சேர்க்கைக்கு முகவரிச் சான்று கேட்பார்கள். இடம் கிடைக்குமா என்று தெரியாமல் வாடகை ஒப்பந்தம் போடவும் முடியாது. இடம் ஒதுக்கியதைப் பள்ளியிடம் எழுத்தில் வாங்குங்கள், சான்றைத் தர எத்தனை நாள் அவகாசம் என்பதும் அதிலேயே இருக்கட்டும். முன்பணம் கொடுப்பது அதற்குப் பிறகு.