ஐந்து கோடும் கைபேசியும்: பயிற்சிக் குறிப்புகள்

மார்ச் 2

கீபோர்டுக்காக மேற்கத்திய இசைக் குறிப்பை, அதாவது ஐந்து கோடுகளிலும் இடைவெளிகளிலும் ஸ்வரங்களை எழுதும் நோட்டேஷனை, பார்த்து வாசிக்கப் பழகுகிறேன். நோட்டேஷன் ஆப்பில் முதலில் ட்ரெபிள் கிளெஃப், மேல் ஸ்வரங்களுக்கான தொடக்கக் குறி. திரையில் ஒரு நோட் வரும், கீழே எழுத்து பட்டன்கள். இ, ஜி, பி, டி, எஃப் என்று கோடுகளைக் கீழிருந்து ஒப்பித்துக் கண்டுபிடிப்பது ரொம்ப மெதுவான வழி. ட்ரெபிள் கிளெஃபின் சுழி சுற்றிவரும் இரண்டாவது கோடு ஜி. கீழ் ஸ்வரங்களுக்கான பேஸ் கிளெஃபின் இரு புள்ளிகளுக்கு நடுவே போகும் கோடு எஃப். இரண்டுக்கும் சரிபாதியில் மிடில் சி, கீபோர்டின் நடுவில் வரும் சி. செட்டிங்ஸில் இந்த மூன்றையும் பக்கத்து நோட்களையும் மட்டும் வைத்துவிட்டு மற்றதை எல்லாம் நீக்கிவிட்டேன்.

மார்ச் 5

பட்டனை விட்டு மைக் மோடுக்கு மாறினேன். கீபோர்டில் வாசித்தால் போன் கேட்டுச் சரிபார்க்கிறது. பட்டனில் 'சி' என்று தொட்டால் போதும். கீபோர்டிலோ எந்த சி என்பதும் தெரிய வேண்டும். ஆனால் அடிமட்ட ஸ்வரங்களில் மைக் தடுமாறுகிறது. அங்கே மூல ஒலியைவிட அதன் மேலொலிகள் ஓங்கிக் கேட்பதால் ஒரு ஆக்டேவ் (ஒரு சி-யிலிருந்து அடுத்த சி வரையிலான தூரம்) தள்ளிக் கணக்குப் போடுகிறது. ஒலியை நீட்டும் பெடலை அழுத்தினால் இன்னும் குழப்பம். யூஎஸ்பி கேபிளில் இணைத்ததும் தொல்லை விட்டது. கேபிள் வழியாகப் பேசும் மிடி என்ற முறை ஒலியைக் கேட்பதில்லை, எந்தக் கட்டை என்ற எண்ணைத்தான் அனுப்புகிறது. மிடில் சி என்றால் 60, அவ்வளவுதான்.

மார்ச் 9

பேஸ் கிளெஃப். சலிப்பு. வேறொன்றும் இல்லை.

மார்ச் 13

ஆப்பில் மதிப்பெண் கூடுகிறது, காகிதத்தில் ஒரு எளிய பாடத்தைத் திறந்தால் கை நிற்கிறது. யோசித்தால் நியாயம்தான். ஆப் ஒவ்வொரு நோட்டாகக் காட்டுகிறது. காகிதத்தில் அவை கூட்டமாக வருகின்றன. அங்கே பெயரைவிட தூரம்தான் உதவும். கோட்டிலிருந்து அடுத்த இடைவெளி என்றால் செகண்ட், கோட்டிலிருந்து அடுத்த கோடு என்றால் தேர்ட். ஆக்டேவ் என்றால் ஒன்று கோட்டிலும் மற்றது இடைவெளியிலும் இருக்கும். இன்று முதல் இந்த தூரங்களுக்கான இன்டர்வெல் பயிற்சி மட்டும்.

(கட்டைகள் மேலிருந்து விழும் அந்த வண்ண விளையாட்டு ஆப்களை இதில் சேர்க்க மாட்டேன். அதில் ஐந்து கோடே வேண்டாமே!)

மார்ச் 18

தாளத்துக்கென்று தனி ஆப். திரையைத் தட்ட வேண்டும். ப்ளூடூத் ஹெட்போனில் தாளத்தைத் தட்டிக் காட்டும் மெட்ரோனோமே தாமதமாகக் கேட்கிறது, அதைப் பின்தொடர்ந்தால் எல்லாத் தட்டும் பிந்தியதாகிறது. வயர் போட்டதும் சரி.

அப்புறம் பிடித்த வசதி ஒன்று: வாசிக்கத் தொடங்கியதும் அந்த பார் (இரு செங்குத்துக் கோடுகளுக்கு நடுவிலுள்ள தாளப் பகுதி) மறைந்துவிடும். கண் தானாக அடுத்த பாருக்கு ஓடுகிறது.

மார்ச் 22

இனி ஆப் தொடக்கத்தில் பத்து நிமிடம், அவ்வளவுதான். பிறகு முன்பு பார்த்திராத எட்டு பார், மெட்ரோனோம் நிமிடத்துக்கு 50 தட்டில், தப்பு வந்தாலும் நிற்காமல். அதையே மறுநாளும் எடுத்தால் பாதி ஞாபகத்திலிருந்து வந்துவிடும், அதனால் தினமும் புதுப் பக்கம். நாளைக்கு இரண்டு ஷார்ப் (ஸ்வரத்தை அரைப்படி உயர்த்தும் குறி) உள்ளது ஒன்று.