மட்டியின் செவுளில் ஒளிர்வது துத்தநாகம்தானா?

எண்ணூர் கழிமுகத்தில் எடுத்த மட்டியில் எவ்வளவு உலோகம் சேர்ந்திருக்கிறது என்று அறிய, அதன் தசையை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, அணு உறிஞ்சல் கருவியில் அளப்பதே வழக்கம். மொத்த அளவு கிடைத்துவிடும்; ஆனால் அந்த உலோகம் எந்த உயிரணுவில், புரதத்தோடு பிணைந்தா அல்லது தளர்வாகவா இருந்தது என்பதை அமிலம் அழித்துவிடும். திருவொற்றியூரிலிருந்து தினமும் ஆய்வகம் போய்வரும் நான், உலோக அயனியோடு பிணைந்தால் ஒளிர்வு மாறும் மூலக்கூறுகளான ஒளிரும் உணரிகளைப் பற்றிக்கொண்டது இந்தக் கேள்விக்காகத்தான்.

இத்தகைய மூலக்கூறில் அயனியைப் பற்றும் பகுதியும் ஒளிரும் பகுதியும் அடுத்தடுத்து இருக்கும். அயனி இல்லாதபோது, பற்றும் பகுதியிலுள்ள நைட்ரஜனின் எலக்ட்ரான் ஒளிரும் பகுதிக்குத் தாவி ஒளிர்வை அணைத்துவிடுகிறது. துத்தநாகம் வந்து அந்த நைட்ரஜனோடு பிணைந்ததும் தாவல் தடைபட்டு, நீல ஒளி பட்ட இடத்தில் பச்சை எழுகிறது. செம்பு அயனியோ இணையற்ற எலக்ட்ரான் உடையது என்பதால், பெரும்பாலும் இருக்கிற ஒளிர்வையும் அணைத்துவிடும்.

1985-இல் வேதியியலாளர் ரோஜர் சியென் குழுவினர் வெளியிட்ட ஃபியூரா-2 என்னும் கால்சிய உணரி இன்றும் எனக்கு வியப்பளிக்கிறது. 340, 380 நானோமீட்டர் ஒளிகளை மாறி மாறிப் பாய்ச்சி, வெளிவரும் ஒளிர்வின் விகிதத்தைக் கணக்கிடுவதால், உணரி ஓரிடத்தில் கூடுதலாகவும் வேறிடத்தில் குறைவாகவும் புகுந்திருந்தாலும் கணக்குப் பெரிதாகப் பிசகுவதில்லை. ஓய்வு நிலையில் உயிரணுவுக்குள் கால்சியம் சுமார் 100 நானோமோலார். மக்னீசியம் அதைப்போலப் பல ஆயிரம் மடங்கு. அந்த நெரிசலிலும் அது கால்சியத்தை இனங்காண்கிறது. ஆயினும் துத்தநாகம் அதனோடு கால்சியத்தைவிட இறுக்கமாகப் பிணையும் என்பதை மறந்துவிடக் கூடாது.

அசிட்டோநைட்ரைல் என்னும் கரிமக் கரைப்பானில் மட்டும் சோதித்துவிட்டு 'உயிரணுவுக்கு ஏற்றது' என்று எழுதும் கட்டுரைகளை நான் ஏற்பதில்லை. உயிரணுவில் மில்லிமோலார் அளவில் உள்ள குளூட்டதயோன் என்னும் கந்தகம் கொண்ட சிறு மூலக்கூறு, செம்பையும் பாதரசத்தையும் உணரிக்கு முன்பே பிடித்துக்கொள்ளும். மட்டியின் திசுவில் சேரும் லிப்போஃபஸ்சின் என்னும் நிறமி தானாகவே ஒளிரும். ஆகவே உணரியே இடாத செவுளை முதலில் பார்க்க வேண்டும். பிறகு உணரி இட்ட செவுளில், சவ்வைக் கடந்து சென்று துத்தநாகத்தைப் பறிக்கும் டிபென் சேர்த்து, ஒளிர்வு மங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அதன் பிறகும் காட்மியம் குறுக்கே நிற்கிறது. தனிம அட்டவணையில் துத்தநாகத்துக்கு நேர் கீழே இருக்கும் அது பல துத்தநாக உணரிகளை ஒளிரச் செய்யும். டிபென் அதையும் பறித்துவிடும். எனவே ஒவ்வொரு மட்டியிலும் ஒரு பகுதியை இன்றும் அமிலத்தில் கரைத்து, காட்மியத்தைத் தனியே அளந்து வருகிறேன்.