அஷர் குடும்பம் பாத்து முடிச்சாச்சு
நேத்து ராத்திரி "தி ஃபால் ஆஃப் தி ஹவுஸ் ஆஃப் அஷர்" எட்டு எபிசோடும் முடிச்சேன், தூக்கமே வரல. மைக் ஃபிளானகன் எடுத்தது, 2023ல நெட்ஃபிளிக்ஸ்ல வந்துச்சு. வலி மாத்திரை வித்தே கோடி கோடியா சேத்த குடும்பம், குடும்பத் தலைவன் ரோடரிக்கோட ஆறு பிள்ளைங்களும் ஒவ்வொண்ணா சாகுது, எல்லாத்துக்கும் காரணம் 1979 கடைசி ராத்திரி ஒரு பார்ல அவனும் கூடப்பொறந்தவளும் வெர்னாங்கிற மர்மமான பொண்ணுகிட்ட குடுத்த வாக்கு.

கடைசி எபிசோடுல ஜன்னலுக்கு வெளில மழை மாதிரி பொணமா கொட்டும், அத்தனையும் அந்த மாத்திரையால செத்தவங்க, அந்த எடத்துல நிறுத்திட்டு அப்படியே உக்காந்துட்டேன்பா. அப்புறம் பேத்தி லெனோர் பக்கத்துல உக்காந்து வெர்னா மெதுவா பேசுற சீன்... வெர்னாவா வர்ற கார்லா குகினோ என்னா நடிப்பு! அழுதுட்டேன். பாக்காதவங்க கண்டிப்பா பாருங்க.