எட்டுப் பேர், ஒரு சுவர், ஆளுக்கு ஒரு தரம்

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு சுவர் ஏறும் போட்டி பார்க்கிறேன் என்றால் ஆட்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல்லின் மேல் கிடக்கும் தட்டையான தரை, மணற்காட்டுப் பக்கம் போனால் கொஞ்சம் மணல்மேடு, அதுக்கு மேல் உயரம் வேண்டுமென்றால் கோயில் கோபுரத்தைத்தான் பார்க்கவேண்டும். ஆனால் ஸ்போர்ட் கிளைம்பிங்குக்கு மலை தேவையில்லை. ஆள் கட்டிய சுவர், அதில் திருகிப் பூட்டிய பிடிகள், அவ்வளவுதான். உலக சம்பியன்ஷிப் 1991இல் ஜேர்மனியின் பிராங்க்பேர்ட்டில் தொடங்கியது, பெரும்பாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும். 2023இல் சுவிற்சர்லாந்தின் பேர்ண், 2025இல் சியோல். யூடியூப்பில் பழைய போட்டிகள் நிறையக் கிடக்கின்றன, டேட்டா இருந்தால் போதும்.

மூன்று வகை இருக்கிறது: ஸ்பீட், போல்டர், லீட். ஸ்பீட் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. 15 மீற்றர் சுவர், எந்த நாட்டில் வைத்தாலும் அதே பாதை, அதே பிடிகள், யார் முதலில் மேலே போய்த் தட்டுகிறார் என்பதுதான் கதை. பாரிஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் சாம் வொட்சன் 4.74 செக்கனில் ஏறி உலக சாதனை வைத்தும் வெண்கலம்தான் எடுத்தார், தங்கம் 4.75இல் ஏறிய இந்தோனேசியாவின் வெட்ரிக் லியோனார்டோவுக்கு. ஏனென்றால் சாதனை வந்தது மூன்றாம் இடத்துக்கான ஓட்டத்தில். அந்தக் கூத்துக்காக ஒருதரம் பார்க்கலாம்.

என்னைப் பிடித்து வைத்திருப்பது லீட். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு உயரமான சுவரில் யார் கூட உயரம் ஏறுகிறார் என்பதுதான் போட்டி. இறுதிச் சுற்றில் எட்டுப் பேர். அவர்களை முதலில் வெளிச்சத்தம் எட்டாத அறைக்குள் அடைத்து வைப்பார்கள். பிறகு எல்லாரையும் ஒன்றாகக் கூட்டிவந்து சுவரைக் காட்டுவார்கள், ஆறு நிமிடம். அந்த ஆறு நிமிடத்தில் தொலைநோக்கியைக் கண்ணில் வைத்துக்கொண்டு, மற்றக் கையைக் காற்றில் இப்படி அப்படி ஆட்டி, எந்தப் பிடியை எந்தக் கையால் பிடிப்பது என்று மனப்பாடம் செய்வார்கள், சிலவேளை ஒருவரோடொருவர் கதைத்துக்கூடப் பார்ப்பார்கள், நாளைக்குத் தங்கத்துக்கு அடிபடப்போகிறவர்கள் இல்லை, இன்னும் பத்து நிமிடத்தில் அடிபடப்போகிறவர்கள்! அப்புறம் திரும்பவும் உள்ளே. ஒவ்வொருவராக வெளியே வந்து ஏறவேண்டும், முன்னால் போனவர் எங்கே விழுந்தார் என்று தெரியாது, கூட்டத்தின் சத்தத்தை வைத்து ஊகித்தால் உண்டு. ஏற ஆறு நிமிடம். விழுந்தால் முடிந்தது, இரண்டாம் தரம் கிடையாது.

அந்தப் பாதை அந்தப் போட்டிக்கென்றே பூட்டப்பட்டது என்பதுதான் இதில் பெரிய விசயம். முன்னர் எந்தப் போட்டியாளரும் தொட்டிருக்க முடியாது. ரூட் செட்டர் என்று ஒரு குழு இரவிரவாக நின்று பிடிகளைப் பூட்டி, தாங்களே ஏறிப்பார்த்து, கழற்றி, திருப்பிப் பூட்டும். எல்லாரும் மேலே போய்விட்டால் அவர்கள் தோற்றார்கள், எல்லாரும் ஒரே பிடியில் விழுந்தாலும் தோற்றார்கள். எட்டுப் பேரும் எட்டு இடத்தில் விழவேண்டும், கடைசியாள் உச்சியைத் தொட்டால் இன்னும் நல்லது. இன்னொருவர் உடம்பு எந்த இடத்தில் கைவிடும் என்று முதல்நாளே கணக்குப் போடுகிற வேலை அது. என்னைக் கேட்டால் மெடல் மேடையில் அவர்களுக்கும் ஒரு படி வைக்கவேண்டும்.

எங்கள் வீட்டுக்கு இரண்டு வளவு தள்ளி ஒரு அண்ணை இருக்கிறார், சீவல் தொழில், பனையேறிக் கள்ளிறக்குகிறவர். பேர்ண் ஆண்கள் லீட் இறுதியை ஒரு மத்தியானம் போனில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து குந்தினார். அந்தப் போட்டியில் ஒஸ்திரியாவின் யாகொப் ஷூபேர்ட் வென்றார், 2012, 2018, 2021இல் எடுத்ததோடு சேர்த்து அவருக்கு லீட்டில் நாலாவது உலகப் பட்டம். அண்ணைக்குப் பெயரெல்லாம் தேவைப்படவில்லை.

"உவர் ஏன் தம்பி அரைவழியில நிண்டு கையை உதறிறார்?"

பிடித்துக்கொண்டே இருந்தால் முன்கைத் தசை இறுகி இரத்தம் ஓடாமல் போய்விடும், அதனால் ஒரு நல்ல பிடி கிடைத்ததும் ஒரு கையைத் தொங்கவிட்டு உதறி, இடுப்புப் பையில் இருக்கும் வெள்ளைத் தூளில் தோய்த்து, மற்றக் கையை மாற்றுவார்கள் என்று சொன்னேன். தூள் என்பது மகனீசியம் காபனேற்று, வியர்வையை உறிஞ்சும். அண்ணை தன்னுடைய முன்கையைத் திருப்பிக் காட்டினார். உள்பக்கம் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் மயிரே இல்லை, தோல் தடித்து மினுங்கியது. "கல்லு மாதிரி வரும், தெரியும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, திரையில் ஒரு பெடியன் நன்றாகத்தான் ஏறிக்கொண்டிருந்தான், "உவன் விழப்போறான், காலை நம்பேல்லை" என்றார். மூன்றாவது அசைவில் விழுந்தான். வர்ணனையாளர் அதற்குப் பிறகுதான் கால் வைத்த விதத்தைப் பற்றிச் சொன்னார்.

அவரைப்போல ஆட்கள் இந்த ஊரில் காலமை ஒருதரம், பின்னேரம் ஒருதரம் மரத்துக்கு மரம் ஏறி இறங்குகிறார்கள். கயிறு கிடையாது, காலில் தளைநார், இடுப்பில் பாளைக்கத்தி, முட்டி. மழை பெய்து பனை வழுக்கும்போது ஏறி விழுந்தவர்களும் இருக்கிறார்கள். சித்திரை வருடப்பிறப்பில் வழுக்குமரம் ஏறுகிற பெடியளுக்குக் கைதட்டுவோம், ஒலிவாங்கியில் பெயர் சொல்லுவோம், பரிசும் கொடுப்போம். தினமும் ஏறுகிறவருக்கு மட்டும் அது ஒரு சாதியின் தலையில் கட்டிவிட்ட வேலை, அவர் வீட்டுப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் பட்டம் தெளித்துக் கேலிபண்ணவும் செய்தோம். ஏறுவதில் ஒரு அழகு இருக்கிறது என்று சுவிற்சர்லாந்து வரைக்கும் போய்க் கண்டுபிடித்தது வெட்கக்கேடுதான், வேறென்ன சொல்ல.

சரி, பாரிஸ் விசயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் ரொறன்ரோவில் இருக்கும் மச்சானோடு எனக்கு அதில் இன்னும் சண்டை முடியவில்லை. அவன் அங்கே சுவர் ஏறப் போகிறவன், அதனால் தனக்குத்தான் எல்லாம் தெரியும் என்கிற எண்ணம்.

2024 ஓகஸ்ட், பெண்களுக்கான போல்டர்-லீட் இறுதி, இரண்டிலும் எடுத்த புள்ளியைக் கூட்டித்தான் மெடல். ஜப்பானின் அய் மோரி, உயரம் 154 சென்ரிமீற்றர், முந்தின வருடம் பேர்ணில் லீட் உலக சம்பியன் ஆனவர். போல்டர் என்பது கயிறில்லாத குட்டைச் சுவர், குறித்த நேரத்துக்குள் எத்தனை தரமும் முயலலாம். முதல் போல்டரின் தொடக்கப் பிடி உயரத்தில் இருந்தது, பாய்ந்து பிடிக்கவேண்டும். மோரி பாய்ந்தார். விரல் எட்டவில்லை. பின்னால் போய், ஓடிவந்து பாய்ந்தார். திரும்பவும் பாய்ந்தார். நேரம் முடியும்வரை அவர் அந்தச் சுவரில் ஏறத் தொடங்கவே இல்லை, பூச்சியம் புள்ளி. பிறகு லீட்டில் என்ன செய்தார் தெரியுமா? 96.1. எட்டுப் பேரில் அதுதான் கூட, உச்சிப் பிடிக்கு ஒன்று முன்னால் வரைக்கும் போனார். மொத்தம் 135.1, நாலாம் இடம். ஸ்லொவேனியாவின் யானியா கார்ன்பிரெட் 168.5 எடுத்துத் தங்கம், புரூக் ரபட்டூ 156, ஜெசிக்கா பில்ஸ் 147.4. அந்த முதல் போல்டரின் 25 புள்ளியும் கிடைத்திருந்தால் மோரிக்கு வெள்ளி, கணக்கைப் போட்டுப் பாருங்கள். தொடக்கப் பிடியை அப்படி உயரத்தில் பூட்டினது பிழை என்று மச்சானுக்கு எழுதினேன்.

"ரபட்டூவும் கட்டைதான்டா, அவ பிடிச்சவ எல்லோ" என்று மச்சான் குரல்பதிவு அனுப்பினான். "உயரம் பாய்தலில ஆளுக்கேத்த மாதிரித் தடியைப் பதிக்கிறவையே?"

அவன் சொல்வதில் பாதி சரி. மோரிக்குப் பாய்ச்சல் பலவீனம் என்பதும் உண்மை, அதைப் பயிற்சி செய்து திருத்தவேண்டியது அவர் பொறுப்பு. உயரம் குறைந்தவர்களுக்கெதிராகச் சதி என்று சமூக வலைத்தளங்களில் கத்தியவர்களோடு நானும் இல்லை. என் பிரச்சினை வேறு. பாதி வழியில் எட்டாத பிடி ஒன்று இருந்தால் அது சோதனை, அதுவரைக்கும் ஏறினவருக்கு அதற்கான புள்ளியாவது இருக்கும். தொடக்கத்திலேயே எட்டாவிட்டால் அங்கே ஒன்றுமே சோதிக்கப்படவில்லை, அவருடைய கால் வேலை, உடம்பை வளைக்கிற விதம், யோசனை ஒன்றையும் பார்க்காமலே சுவர் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டது. எட்டுப் பேரையும் பிரித்துக் காட்டுவதற்குத்தான் செட்டர் இருக்கிறார், ஒருவரைப் படலையிலேயே மறிக்க இல்லை. மச்சான் இதற்குப் பதிலாகச் சிரிப்புப் பொம்மை மூன்று அனுப்பினான்.

இதில் இன்னொரு கோளாறு, போல்டரையும் லீட்டையும் கூட்டி ஒரே மெடல் கொடுத்தது. டோக்கியோவில் ஸ்பீட்டையும் சேர்த்து மூன்றையும் கலந்தார்கள், அது இன்னும் மோசம். 2028 லொஸ் ஏஞ்சல்ஸில் மூன்றுக்கும் தனித்தனி மெடல் என்று அறிவித்துவிட்டார்கள். அப்படியென்றால் மோரி மாதிரி ஒருவர் லீட்டை மட்டும் ஏறி வெல்லலாம், போல்டரில் பாயத் தேவையில்லை.

பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பேர்ண் 2023 பெண்கள் லீட் இறுதியிலிருந்து தொடங்குங்கள். நேரே ஏறுகிற இடத்துக்கு ஓட்டிவிடாமல், தொலைநோக்கியோடு சுவரைப் பார்க்கிற காட்சி வைத்திருந்தால் அதையும் பாருங்கள். அண்ணைக்கு அடுத்த ஞாயிறு சியோல் போட்டியைக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன், பின்னேரச் சீவலுக்கு முதல் முடியவேண்டும் என்று நிபந்தனை போட்டிருக்கிறார்.