அம்மாவின் கண்ணும் அப்பாவின் சிம் கார்டும்

அம்மாவின் கண் அறுவைக்காக அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டை வாங்கப் போனதில், கண்ணைவிட அப்பாவின் பழைய சிம் கார்டுதான் எங்களை அதிகம் அலையவைத்தது. அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது. அந்த எண்ணை அப்போதே விட்டுவிட்டோம். ஆனால் அம்மாவின் ஆதாரிலும் இ-சேவைப் பதிவிலும் அது மட்டும் அப்படியே உட்கார்ந்திருந்தது.

அம்மாவுக்கு 58 வயது. சென்னை வியாசர்பாடியில் காலை நேர இட்லிக் கடை. பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. ஒருநாள் விடிகாலையில் மாவு ஊற்றும்போது வலது கண்ணில் நூலாம்படை தொங்குகிற மாதிரி இருந்ததாம். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டிருக்கிறார். மத்தியானத்துக்குள் அந்தக் கண்ணில் புகை மூடிவிட்டது. சர்க்கரையால் விழித்திரையில் புதிதாக முளைக்கும் ரத்தக் குழாய்கள் ரொம்ப லேசானவை. அதில் ஒன்று உடைந்து கண்ணுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது. பதறிப்போய் நுழைந்த தனியார் மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்துவிட்டு, "விட்ரெக்டமி பண்ணணும், 72,000 ஆகும், நாளைக்கே அட்மிஷன் போட்டுடலாமா?" என்றார்கள். கண்ணுக்குள் கசிந்த ரத்தத்தை எடுக்கும் அறுவைதான் அது. அம்மாவிடம் இருந்தது சீட்டுப் பணம் பதினோராயிரம்.

காப்பீட்டு அட்டை ஞாபகம் வந்தது. பீரோவைக் குடைந்ததில் 2009-ல் கொடுத்த அட்டை கிடைத்தது. அப்பா, அம்மா, ரெட்டைப் பின்னலில் நான், அழுத முகத்தோடு தம்பி. கவுன்டரில் இருந்தவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை மியூசியத்துல வைங்கம்மா" என்றார். 2012-லிருந்து முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்தானே, நாங்கள் புது அட்டை வாங்கவே இல்லை.

அன்று ராத்திரி என் செயினை அடகு வைத்துப் பணம் கட்டிவிடலாம், அப்புறம் காப்பீட்டில் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு சொந்தக்காரர் யோசனை சொன்னார். நல்லவேளை கேட்கவில்லை. இந்தத் திட்டத்தில் முதலில் அட்டை, பிறகு முன் அனுமதி, அதற்குப் பிறகுதான் அறுவை. நாமே கட்டிவிட்டு ரசீதைக் கொண்டுபோனால் பைசா வராது.

அட்டைக்கு ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று வேண்டும். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய். அங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது. "ஓடிபி சொல்லுங்க" என்றார் மையத்துப் பையன். எந்தப் போனுக்கு வந்தது? அப்பா எண்ணுக்கு. அந்த எண்ணுக்குப் போன் போட்டுப் பார்த்தேன். திருப்பூரிலிருந்து ஒருவர் எடுத்தார். "ஓடிபியா வந்துட்டே இருக்குதுங்க, ஏமாத்துக்காரனுகன்னு எல்லாத்தையும் அழிச்சுட்டேன்" என்றார். அவர் மேல் தப்பே இல்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

சரி, ஆதாரில் எண்ணை மாற்றலாம் என்று போனால் அம்மாவின் விரல் ரேகை விழவில்லை. முப்பது வருடம் இட்லிக் கொப்பரை தூக்கிய கை, பத்து விரலையும் வைத்துப் பார்த்தும் மெஷின் மசியவில்லை. கடைசியில் கருவிழியைப் படம் பிடித்தார்கள். எனக்குப் பகீரென்றது, கண்ணே போகிறது என்றுதானே வந்திருக்கிறோம்! ஆனால் கருவிழி முன்னால் இருக்கிறது, அம்மாவின் கோளாறு பின்னால். மெஷின் உடனே ஒத்துக்கொண்டது. அம்மா வெளியே வந்து, "எனக்குத்தான் தெரியல, அதுக்கு நான் தெரியறேன்" என்றார்.

எண் மாறியதும் விண்ணப்பம் போட்டோம். ஒன்பதாவது நாள் திரும்பி வந்தது. காரணம் தம்பி. அவன் கல்யாணமாகி மூன்று வருடமாக ஓசூரில் தனிக்குடித்தனம், பதினாறாயிரம் சம்பளம். பெயர் மட்டும் அம்மாவின் ரேஷன் கார்டிலேயே இருந்தது. "கார்டுல பையன் இருந்தா அவர் சம்பளமும் குடும்ப வருமானம்தாம்மா" என்றார் வருவாய் ஆய்வாளர். அவர் சொன்னதில் குறை இல்லை. ஆனால் அதை முதல் நாளே இ-சேவையில் யாராவது சொல்லியிருந்தால் ஒன்பது நாள் மிச்சம். பெயரை நீக்கலாம் என்றதும் அம்மா முகம் வாடிவிட்டது. "பேர எடுத்துட்டா எனக்குப் பையன் இல்லன்னு ஆயிடுமா?" அவரைச் சமாதானப்படுத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. பெயர் நீங்கியதும் மறுபடி 60 ரூபாய், மறுபடி விண்ணப்பம், இந்த முறை ஐந்தே நாளில் சான்று.

நடுவில் ஒரு நல்ல காரியமும் நடந்தது. கடைக்கு வரும் ஒரு அக்கா, "எழும்பூர் கண்ணாஸ்பத்திரிக்கு ஏன் போகல?" என்று கேட்டார். அது 1819-ல் தொடங்கியது, இருநூறு வருடம் தாண்டியும் நடக்கிறது. எனக்கென்னவோ அது கண்புரைக்கு மட்டும் என்று ஒரு நினைப்பு. விழித்திரைக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. காலை ஏழு மணிக்கு வரிசையில் நின்றோம். இடது கண்ணிலும் ஆரம்பம் தெரிகிறது என்று அதற்கு லேசர் வைக்கத் தொடங்கினார்கள். எங்களிடம் யாரும் அட்டையும் கேட்கவில்லை, காசும் கேட்கவில்லை. அட்டை வரட்டும் என்று வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் இரண்டாவது கண்ணையும் கோட்டை விட்டிருப்போம். வருமானம் கொஞ்சம் கூடி, அட்டை கிடைக்காதவர்கள் பூந்தமல்லி அரவிந்த், சங்கர நேத்ராலயா இரண்டிலும் இலவசப் பிரிவு பற்றிக் கேட்டுப் பாருங்கள்.

சான்று கைக்கு வந்ததும் அட்டை வாங்கக் கிளம்பினோம். வியாசர்பாடி ஜீவாவில் ரயில் ஏறிக் கடற்கரை நிலையத்தில் இறங்கினால் எதிரிலேயே ஆட்சியர் அலுவலகம். அங்கே அரை நாளில் அட்டை வேலை முடிந்தது. அறுவைக்கு என் வீட்டுப் பக்கமே, கொளத்தூரில், திட்டத்தில் சேர்ந்த ஒரு மருத்துவமனையைப் பிடித்தோம். அறுவைக்குப் பிறகு அம்மா நாள் கணக்கில் குப்புறப் படுக்க வேண்டும், யாராவது பக்கத்தில் இருந்தாக வேண்டும். முன் அனுமதி நாலு நாளில் வந்தது.

அட்மிஷன் அன்று காலை காசாளர் 8,500 கேட்டார். "மருந்து, டெஸ்ட், அதெல்லாம் தனி." திட்ட நோயாளியிடம் வாங்கக் கூடாதே என்றேன். "எல்லாரும் கட்டறாங்கம்மா." சரி, எதற்கென்று எழுதி ரசீது கொடுங்கள் என்றேன். பேனாவை எடுத்தவர் வைத்துவிட்டார். அவர் எதிரிலேயே நின்று திட்டத்தின் இலவச உதவி எண்ணான 1800 425 3993-க்குப் போன் போட்டேன். நான் பேசத் தொடங்கியதும் உள்ளேயிருந்து ஒருவர் வேகமாக வந்து, "அது வேற பேஷன்ட் பில்லும்மா, மாறிப்போச்சு" என்றார். மாறிப்போனதாம்! அந்த எண்ணைப் போனில் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். கேட்கும்போது குரலை உயர்த்தக்கூட வேண்டாம், ரசீது என்ற ஒரு வார்த்தை போதும்.

நான் கேட்க மறந்தது ஒன்று இருக்கிறது. விழித்திரை நகராமல் இருக்க அம்மாவுக்கு வைத்த மாதிரி கண்ணுக்குள் சிலிகான் எண்ணெய் வைத்தால், சில மாதம் கழித்து அதை எடுக்க இன்னொரு அறுவை வேண்டும். அதற்கும் தனியாக முன் அனுமதி வாங்க வேண்டும் என்று டிஸ்சார்ஜ் அன்றுதான் சொன்னார்கள். நீங்கள் முதலிலேயே கேட்டுவிடுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு வாங்கும் சொட்டு மருந்துக்கும் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள்.

அம்மாவுக்கு இப்போது வலது கண்ணில் ஆள் அடையாளம் தெரிகிறது, பேப்பர் படிக்க வரவில்லை. அடுத்த மாதம் எண்ணெய் எடுக்கிறார்கள். போன வாரம்தான் அனுமதி கிடைத்ததாகக் குறுஞ்செய்தி வந்தது. என் போனுக்கே வந்தது.